முதல் கியரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்

ஒடுகத்தூரில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். தினமும் தெரிகிறதே என்பதாலேயே நாற்பத்தாறு வருஷமாக அதன் மேல் ஏறியதில்லை. வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறேன். வேலைக்கென்று துபாய்க்குப் போய்ப் பதினோராவது நாளே திரும்பியும் வந்திருக்கிறேன். கண்ணெதிரே நிற்கும் மலைக்குப் போக ஒரு மாப்பிள்ளையும் ஒரு பழைய வேனும் தேவைப்பட்டன.

வேனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் செய்தது. வேலூரில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. என்னைவிடப் பத்து வயது சின்னது. பக்கத்தில் நிறுத்தினால் எனக்கு அண்ணன் என்பார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக். க்ளட்ச் கிடையாது. காலை வைத்து அழுத்தினால் போதும், கியர் அதுவாகவே மாறிக்கொள்ளும். இந்தச் செய்தியை நான் சொல்லாத டீக்கடை ஒடுகத்தூரில் இல்லை. "இடது கால எதுக்குடா ஆண்டவன் குடுத்தான்?" என்று கேட்டவர்களுக்கு, "செருப்பு ஜோடியா விக்கறதுக்கு" என்று பதில் சொல்லிவந்தேன்.

பக்கத்து வீட்டு அருளுக்கு மலையில் கல்யாணம். அருள் எலக்ட்ரீஷியன். பெண் மெர்சி, மலை ஊர் ஒன்றில் பால்வாடி டீச்சர். கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை அருளின் அப்பா இறந்துபோனார். இரண்டாம் முறை மழையில் மலைப்பாதை சரிந்தது. இப்போது குறித்திருந்தது செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோயில்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் தாண்ட வேண்டும். மெர்சி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "மூணாவது தபாவும் தள்ளிப்போச்சுன்னா நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போய்டுவேன். அங்க மாப்ள வரவேண்டிய அவசியமே இல்ல."

சொந்தக்காரர்கள் எல்லோரும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். மாப்பிள்ளையையும் அவன் அம்மா பிலோமினாக்காவையும் நான் கூட்டிவருகிறேன் என்று நானேதான் முன்வந்தேன். யாரும் கேட்கவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பது வழக்கம். யாரும் எதுவும் சொல்லவில்லை. தடை வெளியே வேப்பமரத்தடியில் நான்கு சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தது.

அன்று மத்தியானமே மூவரும் கிளம்பினோம். சமவெளியில் வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. ஏற்றம் ஆரம்பித்த மூன்றாவது வளைவில் அதற்குப் பிடிவாதம் வந்துவிட்டது. முதல் கியரிலிருந்து மேலே போகமாட்டேன் என்றது. எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. காலை எடுத்தால், பின்னாலிருந்து மாடு முட்டியது போல ஒரு இடி, இரண்டாவது கியர். மறுபடி காலை வைத்தால் மறுபடி முதல் கியர், மறுபடி கத்தல். பிலோமினாக்கா மடியில் வைத்திருந்த கல்யாண முறுக்கு டின்னிலிருந்து முறுக்கு உடையும் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கேட்டது.

"சூசை, வண்டி கஷ்டப்படுதுடா" என்றார்.

"புது ரோடுக்கா. பழகணும்."

"ரோடா? வண்டியா?"

பதினேழு கிலோமீட்டர் பாக்கியிருக்கும்போது வண்டி கத்துவதை நிறுத்தியது. ஓடுவதையும் நிறுத்தியது. எஞ்சின் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்லவேளை, நூறு அடி மேலே ஒரு தகரக் கொட்டகை. "பொன்னுசாமி மெக்கானிக், டிராக்டர் மினிலாரி" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து தள்ளினார்கள்.

தள்ளி முடித்ததும் ஒருவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "ரெண்டு பெடலுதான் கீது. க்ளட்ச் எங்கீங்க?"

"இதுல க்ளட்ச் கிடையாதுங்க. ஆட்டோமேட்டிக்."

"கெடையாதா, வுழுந்துட்டுதா?"

என் விளக்கத்தை எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பொருளைத் தொலைத்தவன் வெட்கத்தில் பேசுகிற பேச்சு என்று முடிவு செய்தார்கள். சைக்கிள் வைத்திருந்த ஒருவர், "மூணாவது வளைவுல வுழுந்திருக்கும். அங்கதான் சத்தம் கேட்டுது" என்று சொல்லிவிட்டு நான் தடுப்பதற்குள் இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து வழிய வந்தார், கேரியரில் ஒரு பழைய தையல் மிஷினின் துருப்பிடித்த மிதிகட்டையோடு. "கொஞ்சம் பெருசா கீது. பரவால்லிங்களா?" என்று கேட்டார். அவர் ஏறிவந்த ஏற்றத்தை நினைத்து, பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். அது இப்போதும் என் கடையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

பொன்னுசாமி ஐம்பது வயதுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, காதில் ஸ்பார்க் பிளக் துடைக்கும் துணியைச் செருகியிருந்தார். நான் நோயைச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓனர் பேச வேணாங்க. ஓனருங்க பொய் சொல்வாங்க. கூட வந்தவங்க சொல்லட்டும். வண்டி இன்னா பண்ணுச்சும்மா?"

அதுதான் அவர் வேலை செய்யும் முறை. பிலோமினாக்கா சாட்சிக்கூண்டில் ஏறியது போல நிமிர்ந்து நின்றார். "கத்துச்சுங்க. அப்புறம் ஒதைச்சுது. அப்புறம் பேசாம உக்காந்துடுச்சு. செத்துப்போன எங்க வூட்டுக்காரர் மாதிரியேங்க."

பொன்னுசாமிக்கு இது போதுமானதாக இருந்தது. "கியர் ஆயில் இல்ல" என்றார்.

எஞ்சின் மூடியைத் திறந்து ஒரு ஆயில் அளவுக் கம்பியை உருவினார். எஞ்சினுக்கானது. பிறகு பின்னால் ஒளிந்திருந்த இன்னொரு கம்பியை உருவினார். வெயிலில் காயப்போட்ட ஊசி மாதிரி ஒரு சொட்டு இல்லாமல் வந்தது. "இத கடைசியா எப்ப பாத்தீங்க?" என்றார். இப்போது மட்டும் ஓனர் பேசலாம் போல.

உண்மையைச் சொன்னேன். ஆறு வருஷமாக அதை நான் ஸ்பேர் கம்பி என்று நினைத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அருளைப் பார்த்து, "உங்க அண்ணனா?" என்றார். "இல்லீங்க, பக்கத்து வூடு" என்றான் அருள், அவ்வளவு வேகமாக.

அன்றிரவு பொன்னுசாமி வீட்டில்தான் சோறு. சாமைச் சோறும் கொள்ளு ரசமும். எங்கள் ஊரில் கொள்ளு என்றால் குதிரைக்கு, இல்லையென்றால் தொப்பைக்காரனுக்கு டாக்டர் எழுதிக்கொடுப்பது. இங்கே அந்த ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்தேன். ஒவ்வொரு முறையும் பொன்னுசாமியின் மனைவி என் தொப்பையைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

திங்கட்கிழமை காலையில் பொன்னுசாமி, முன்பு வளைகுடாவில் வேலை செய்துவிட்டுத் திருப்பத்தூருக்குத் திரும்பிய தன் கூட்டாளி ஒருவருக்குப் போன் போட்டார். ஆட்டோமேட்டிக் கியருக்கு என்ன ஆயில் என்று கேட்டார். டிராக்டரின் பவர் ஸ்டீரிங்கில் ஊற்றும் சிவப்பு ஆயில்தானாம். அது அலமாரியில் மூன்று டப்பா இருந்தது. எனக்கு அப்படி ஒரு தைரியம் வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மெர்சி ஊருக்குப் போகும் ஒரே பஸ் பதினொரு மணிக்கு வந்தது. அருள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். நான் ரோட்டுக்கு ஓடிப்போய் டிரைவரிடம், "நீங்க போங்க, நீங்க போங்க. பத்தே நிமிஷம், நாங்க பின்னாலயே வர்றோம்" என்று கையாட்டி அனுப்பிவைத்தேன். அடுத்த பஸ் செவ்வாய் பதினொரு மணிக்கு. கல்யாணம் செவ்வாய் பத்து மணிக்கு.

பைக்கில் போகலாமே என்று யாரும் கேட்பதற்குள் பிலோமினாக்கா வாயை அடைத்துவிட்டார். ஓலை வாசித்த மாப்பிள்ளை இரண்டு சக்கரத்தில் ஏறக் கூடாது, அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். அவருடைய சித்தப்பா ஒருவர் கல்யாணத்துக்கு முதல் நாள் சைக்கிளிலிருந்து விழுந்து, கல்யாண போட்டோவில் பல் இல்லாமல் நிற்கிறாராம். மெர்சி ஊரில் இருப்பதோ எல்லாம் பைக்தான். இந்த ஊர் டிராக்டரும் மினிலாரியும் புளி ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தன. ஆகவே அருளின் கல்யாணம் முழுசாக என் வேனின் வயிற்றில் இருந்தது.

ஆயிலை ஊற்றியதும் சக்கரம் எஞ்சினோடு பேச ஆரம்பித்தது. ஆனால் அளவு சரியா என்று பார்க்கத் திருப்பத்தூர் கூட்டாளி மூன்று நிபந்தனை சொல்லியிருந்தார். வண்டி சூடாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் சமமான தரை. நானும் அருளும் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தேடினோம். பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் கிழக்கே சாய்ந்தது. ரேஷன் கடை வாசலில் மேற்கே சாய்ந்தது. கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு களம் கிடைத்தது. சாணம் மெழுகி, கேரம் போர்டு போல இருந்தது. அதன் மேல் முழங்கால் உயரத்துக்குப் பிடுங்கிக் காயவைத்த கொள்ளுச் செடி. நடுவில் இடுப்பில் கைவைத்துக் களத்துக்காரி காளியம்மா.

"வண்டிய நிறுத்திக்கலாமா? ரெண்டு நிமிஷம் ஆயில் பாக்கணும்" என்றேன்.

"நிறுத்தக் கூடாது. ஓட்டிக்கலாம்."

விஷயம் இதுதான். செடியை மிதித்துக் கொள்ளைப் பிரிக்க அவர் சொல்லிவைத்த டிராக்டர், புளி மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போய் நாலு நாளாகியும் வரவில்லை. என் வண்டி எதற்காவது படைக்கப்பட்டிருந்தால் இந்த வேலைக்குத்தான். ஆயில் ஊற்றியும் முதல் கியரைத் தவிர வேறெதுவும் விழவில்லை. ஆள் நடக்கிற வேகம்தான், அதற்கு மேல் போகவே போகாது. நான் சுற்ற ஆரம்பித்தேன். இரண்டாவது சுற்றில் பொன்னுசாமி ஓடிவந்து ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, கம்பியை உருவிப் பார்த்து, அளவு சரி என்றார். காளியம்மா செடி புரட்டும் கட்டையைத் தூக்கிக் காட்டி, "நீ சுத்து சாமி" என்றார். சுற்றினேன்.

அருள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெர்சியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க இருக்கீங்க?"

"கொள்ளு மேல."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு: "சாயங்காலம் நாம ரெண்டு பேரும் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஃபாதர் வெயிட் பண்றாரு."

"நாளைக்குக் காலைல வந்து பண்ணிடறேன் மெர்சி."

"சூசையண்ணன் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிடுங்க. நேரமாகும், சீக்கிரமா வாங்க. ஃபாதர் நாளைக்குப் பத்தே முக்காலுக்கு அடுத்த ஊர் பூசைக்குக் கிளம்பிடுவாரு. அதுக்கு மேல நிக்க மாட்டாரு. நானும் நிக்க மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது. அருள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ண்ணா, உங்களுக்கு நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டான். நான் அடுத்த சுற்றுக்கு ஸ்டீரிங்கைத் திருப்பினேன்.

முப்பது சுற்று முடிந்திருக்கும். பின்னால் செடியைப் புரட்டிக்கொண்டே நடந்துவந்த காளியம்மா கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். "வண்டிக்குள்ள எதோ சீறுதே."

பாம்பு என்று நினைத்து நான் சீட்டின் மேல் ஏறிக்கொண்டேன். காளியம்மா குனிந்து வண்டிக்கு அடியில் காதை வைத்தார். "பாம்பு இல்ல. எங்க வூட்டு கேஸ் டியூப்பு ஓட்டையானப்ப இப்பிடித்தான் கேட்டுது."

பொன்னுசாமி மல்லாந்து உள்ளே போனார். எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டிக்கு ஒரு விரல் கனத்தில் ரப்பர் குழாய் ஒன்று போகிறது. எஞ்சின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சுவதை வைத்துத்தான், ஓட்டுகிறவன் எவ்வளவு அழுத்துகிறான் என்று கியர் தெரிந்துகொள்ளுமாம். குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. "இவரு முழு மூச்சா அழுத்தறாருன்னே கியர் நெனச்சிட்டிருக்குது. அதான் மேல ஏறவே மாட்டேங்குது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஆக, என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளாத ஒரே ஜீவன் என்று நான் நம்பியிருந்த வண்டியும் என்னைத் தவறாகத்தான் புரிந்துவைத்திருந்தது.

காளியம்மா வீட்டுக்குப் போய், மாற்றிப்போட்ட பழைய கேஸ் அடுப்பு டியூப்பைக் கொண்டுவந்தார். ஓட்டை முனையை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தில் ஒரு முழம் வெட்டி, இரண்டு பக்கமும் கம்பியால் இறுக்கிக் கட்டினார் பொன்னுசாமி. ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கியர் விழுவதே தெரியவில்லை. நான் ரோட்டில் இறங்கி ஆடினேன் என்று பிலோமினாக்கா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். ஆடவில்லை, கொஞ்சம் குதித்தேன்.

அதற்குள் இருட்ட ஆரம்பித்திருந்தது. என் வண்டியின் ஹெட்லைட்டில் ஒன்று வானத்தைப் பார்க்கும், இன்னொன்று பள்ளத்தைப் பார்க்கும். ரோட்டைப் பார்க்க ஆளில்லை. "காலைல போய்க்கலாம். பதினேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்" என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காளியம்மா டியூப்புக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். "போற வழில எந்தங்கச்சி ரோட்டுல கொள்ளு போட்டிருப்பா. அதும் மேல மெதுவா போங்க. வேகமா போனா பயிறு ஒடைஞ்சிடும்." ஒரு தங்கச்சிதானே என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அருள் கோட்டு போட்டிருந்தான். முதல் கிலோமீட்டரில் மூன்றாவது கியர் விழுந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் வளைவு திரும்பினேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கொள்ளுச் செடி. தங்கச்சி ரோட்டோரம் நின்று கும்பிட்டார். லீவரை இழுத்து முதல் கியரில் போட்டு, சொன்னபடி ஊர்ந்தேன். தாண்டியதும் அடுத்த விரிப்பு. அதற்கடுத்து இன்னொன்று. முதல் கியரை விட்டு ஏறாத வண்டி ஒன்று நேராகக் கோயில் வரைக்கும் போகிறது என்ற செய்தி ராத்திரியோடு ராத்திரியாகப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ரோடே தெரியவில்லை.

"வண்டிய ரிப்பேர் பண்ணியாச்சுங்க. இப்ப நல்லா கீது" என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்படியா. பரவால்லிங்க, நீங்க மெதுவாவே போங்க" என்றார்கள்.

ஒருவர் வண்டியின் முன்னால் நின்று, "ஒரு தபா ரிவர்ஸ் வந்துட்டுப் போய்டுங்க, இந்த ஓரம் மிதிபடல" என்றார். பிலோமினாக்கா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "எம்புள்ளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம்யா" என்றார். அந்த ஆள் உள்ளே எட்டிக் கோட்டைப் பார்த்தார். "நல்லதும்மா. ரிவர்ஸ் ஒரே தபாதான்" என்றார்.

எண்ணூறு ரூபாய் வாடகைக் கோட்டின் இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்த அருள் மேல் கொள்ளுத் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்துவிட்டது. மூன்று நாள் படாதபாடு பட்டு முதல் கியரிலிருந்து விடுதலை வாங்கிய வண்டியை, நானே கையால் முதல் கியரில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணி. கோயில் கோபுரம் தெரிகிறது. இரண்டு கிலோமீட்டர் இருக்கும். செடித்தண்டு அச்சில் சுற்றிக்கொண்டு வண்டி இன்னும் மெதுவானது. புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆடு எங்களை முந்தியது. அருள் அதைப் பார்த்தான். பிலோமினாக்காவும் பார்த்தார்.

"எறங்குடா" என்றார்.

அருள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினான். பிலோமினாக்கா தாலிப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பின்னால் ஓடினார். அறுபத்தொரு வயதில் அவர் கொள்ளு மேல் வழுக்காமல் ஓடியதை நான் முதல் கியரில் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வளைவில் மகனை முந்திவிட்டார்.

நான் கோயிலை நெருங்கியபோது பத்தே முக்கால் ஆகியிருந்தது. எதிரே ஃபாதர் பைக்கில் வந்துகொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் கேட்காமலே அடையாளம் தெரிந்துகொண்டார். "முடிஞ்சுது. பத்து இருபதுக்கு வந்து சேந்தாங்க, சுருக்கமா முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். பாவசங்கீர்த்தனத்தையும் சுருக்கமாக முடித்தாரா என்று கேட்க முடியவில்லை. அதில் என் பெயர் வந்திருக்கும்.

கோயில் வாசலில் அருளும் மெர்சியும் மாலையோடு நின்றிருந்தார்கள். மெர்சி அவன் தலையிலிருந்து கொள்ளுச் சருகை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கண்ணா. பத்து நிமிஷம் ஆச்சுங்களா?" என்றாள்.

பிலோமினாக்கா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்து, தானே பிரியாணி போட்டார். கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"சாப்டு, சூசை. இன்னிக்குக் கறி துன்னாத்தான் உண்டு, நாளைலேர்ந்து தவக்காலம்" என்றார். இன்னொரு கரண்டி போட்டுவிட்டு, "பொண்ணு மாப்ளய நாங்க பஸ்ல இட்னு போறோம்" என்றார்.

சாயங்காலம் நான் மட்டும் இறங்கினேன். இறக்கத்தில் கீழ் கியரில்தான் வர வேண்டும் என்பது பொன்னுசாமி உத்தரவு. ஆகவே மலை முழுவதும் மறுபடி முதல் கியர், இரண்டாவது கியர். அடிவாரம் வந்து சமதரையில் காலை அழுத்தினேன். இரண்டு விழுந்தது. மூன்றும் விழுந்தது, ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல். திரும்பிப் பார்த்தேன். சொல்ல வண்டியில் யாரும் இல்லை.

அப்போது பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வந்து என்னை முந்தியது. ஒரு ஜன்னலில் அருளும் மெர்சியும் கையாட்டினார்கள். நான் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினேன், மூன்றாவது கியர் என்று. அவர்களுக்குப் புரிந்திருக்காது. அடுத்த ஜன்னலில் பிலோமினாக்கா கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.